பந்தல் பந்தலாக ஒரு பயணம்

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில் வைகாசிக் கல்யாணம். மண்டபம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, வாழை கட்டி, தரையெல்லாம் புதுமணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். விடிவதற்கு முன்பே, சீர்கள் என்று அங்கே சொல்லும் சடங்குகள் தொடங்கிவிட்டன. மணமேடைக்கு முன் ஹோம குண்டம் இல்லை. முறைகளைச் சொல்லி நடத்தியவர் அருமைக்காரர். சொந்தச் சாதிக்குள்ளேயே மூத்தவர், பிள்ளைகள் பெற்றுக் குடும்பம் நடத்தி, எழுதிங்கள் என்ற சீரையும் செய்துகொண்டவர். அவர் மனைவி அருமைக்காரியும் உடனிருந்தார். குடிமகன் என்று ஊர் அழைக்கும் நாவிதர் நின்றபடி மங்கல வாழ்த்துப் பாடினார். கல்யாணத்தின் ஒவ்வொரு சீரையும் வரிசைப்படி சொல்லிக்கொண்டே போகும் பாட்டு அது. கம்பர் பாடிக் கொடுத்தது என்பது கொங்கு நாட்டு மரபு.

நான் குறித்துக்கொள்வதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்: "எழுதிக்கங்க சாமி, நல்லா எழுதிக்கங்க. எங்க காலத்துல கல்யாணத்துக்கு ஐயரே வரமாட்டாருங்க. அருமைக்காரரு எடுத்துக் குடுத்தாத்தானுங்க தாலி. இப்பத்தான் மண்டபத்துல ரெண்டு பேரையும் கூப்புட்டுக்கறாங்க."

அந்தப் புதுமணலும் விடியற்காலை இருட்டும் மூத்த பெண்களின் நடமாட்டமும் எனக்கு அகநானூற்றின் 86ஆம் பாடலை நினைவூட்டின. நல்லாவூர் கிழார் பாடியது. அதிலும் வரிசையாகக் கால் நட்ட பந்தல், கொட்டிப் பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை. உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சோறு வந்தவர்களுக்கெல்லாம் ஓயாமல் பரிமாறப்படுகிறது. நிலவு ரோகிணியோடு சேர்ந்த நல்ல நாளின் பின்னிரவில், முதிய பெண்கள் தலையில் குடமும் கையில் புது மண்கலமும் ஏந்தி வருகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி, கணவன் விரும்பிப் பேணும் துணையாக இரு என்று வாழ்த்துகிறார்கள். அவ்வளவுதான் கல்யாணம். தீ இல்லை, புரோகிதர் இல்லை, தாலியும் இல்லை. அதே நூலில் விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலிலும் இதே காட்சிதான். அங்கே விருந்து நெய் வழியும் இறைச்சிச் சோறு. வாகை இலையோடும் அறுகம்புல்லோடும் சேர்த்து வெண்ணூல் ஒன்றை மணப்பெண்ணுக்குச் சூட்டுகிறார்கள்.

ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முந்தைய அந்தக் கல்யாணத்துக்கும் இன்று நாம் பத்திரிகை அடித்து நடத்தும் கல்யாணத்துக்கும் நடுவில் எத்தனையோ வந்து சேர்ந்திருக்கின்றன. எது எங்கே வந்து சேர்ந்தது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. விருந்து முடிந்து, வெற்றிலை வாங்கிக்கொண்டு, கரூர் பேருந்தில் ஏறினேன். அங்கிருந்து காவிரி போகும் திசையிலேயே என் பயணமும்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் கல்யாணசுந்தரர் நிற்கிறார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜராஜன் காலத்தை ஒட்டி வார்த்த சோழர் செப்புத் திருமேனி. சிவன் வலக்கை நீட்டி உமையின் வலக்கையைப் பற்றியிருக்கிறார். உமை தலையைச் சற்றே கவிழ்த்து, உடம்பைப் பின்னுக்கு இழுக்கவும் முடியாமல் முன்னே வரவும் முடியாமல் நாணி நிற்கிறாள். பின்னால் பெண்ணைக் கொடுக்கும் தமையனாகத் திருமால், பக்கத்தில் தோழியைப்போல் அணைத்து நிற்கும் திருமகள். உலோகத்தில் ஒரு பெண்ணின் தயக்கத்தை இத்தனை மென்மையாக வார்த்தவனை எப்படிப் புகழ்வது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

அந்தக் கல்யாணத்தின் உயிர் கைப்பிடியில் இருக்கிறது. பாணிக்கிரகணம் என்னும் கைப்பற்றுதல் வேதவழிச் சடங்கின் நடு நாடி. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட கிருஹ்ய சூத்திரங்கள், அதாவது இல்லறச் சடங்குகளைச் சொல்லும் நூல்கள், கல்யாணத்தைப் படிப்படியாக வகுத்துள்ளன. கையைப் பற்றுவது, தீயை வலம் வருவது, கல்லின் மேல் காலை வைப்பது, பெண்ணின் உடன்பிறந்தவன் அள்ளித் தரும் பொரியைத் தீயில் இடுவது, ஏழடி நடப்பது, இரவில் வெளியே வந்து துருவனையும் அருந்ததியையும் பார்ப்பது. நம் வீட்டு அம்மி மிதித்தலும் அருந்ததி பார்த்தலும் அந்த வரிசையில் வந்தவை. கல்லைப்போல் உறுதியாக இரு என்பதற்குத்தான் கல். வீட்டில் எப்போதும் கிடக்கும் கல் அம்மி என்பதால் தமிழ்நாட்டில் அந்த இடம் அம்மிக்குக் கிடைத்தது. அருந்ததி இரவுக்கு உரியவள். வட வானத்தின் எழுமீன் கூட்டத்தில் வசிட்டனை ஒட்டி மங்கலாகத் தெரியும் சின்ன மீன். கல்யாணம் காலை முகூர்த்தத்துக்கு மாறிய பிறகும் சடங்கை விடாமல், பகலிலேயே வானத்தை நோக்கிக் கைகாட்டுகிறோம். கற்புக்கு உவமையாக வடமீனைச் சொல்வது சங்கப் புலவர்களுக்கும் பழகியதுதான். வடக்கிலிருந்து வந்த சடங்கு இங்கே வேர்பிடிக்க அந்த மீன் துணை செய்திருக்க வேண்டும்.

அந்தச் செப்புத் திருமேனி முதலில் இருந்த ஊர் திருவெண்காடு. அந்த ஊரைப் பார்த்துவிட்டு, மயிலாடுதுறைப் பக்கம் திருமணஞ்சேரியில் மாலையும் கையுமாக வரிசையில் நிற்கும் பிள்ளைகளையும் அவர்களைவிடக் கவலையாக நிற்கும் பெற்றோரையும் பார்த்துவிட்டு, பூம்புகாருக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே காவிரி மெலிந்து, சத்தமில்லாமல் கடலில் கலக்கிறது. 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழுநிலை மாடம் தூரத்திலேயே தெரிகிறது. உள்ளே காப்பியம் முழுவதும் கல்லில் வடித்த காட்சிகளாக ஓடுகிறது. கண்ணகியின் கல்யாணக் காட்சிக்கு முன் நின்றேன்.

தமிழில் மணமக்கள் தீயை வலம் வரும் பழைய கல்யாணக் காட்சி இளங்கோவடிகள் காட்டும் இந்தக் கல்யாணம்தான். பெண்ணுக்கு 12 வயது, பிள்ளைக்கு 16. யானை மேல் பெண்களை ஏற்றி ஊருக்கெல்லாம் அழைப்புச் சொல்கிறார்கள். முத்துப் பந்தல். முதிய பார்ப்பனர் வழிகாட்ட மணமக்கள் தீயை வலம் வருகிறார்கள். ஆனால் பழைய கல்யாணமும் அதற்குள் முழுசாக இருக்கிறது. நிலவு இங்கேயும் ரோகிணியோடுதான் சேர்கிறது. இன்றைய பஞ்சாங்கத்திலும் ரோகிணி கல்யாண நட்சத்திரம் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கும் கலமும் முளைப்பாலிகைக் குடமும் ஏந்திய பெண்கள் இங்கேயும் வருகிறார்கள். நவதானியம் முளைவிட்ட அந்தப் பாலிகை இன்றும் நம் மணவறையில் இருக்கிறது. பூத்தூவி அவர்கள் தரும் வாழ்த்து, இந்த இருவரும் பிரியாமல் இருக்கட்டும், அணைத்த கை நெகிழாமல் இருக்கட்டும் என்பது.

அந்தக் கை நெகிழ்ந்ததைத்தான் மிச்சக் காப்பியம் சொல்கிறது. வேதம் ஓதியும், தீ வலம் வந்தும், ரோகிணி பார்த்தும் நடந்த கல்யாணம் அது. சடங்கு ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றும் என்று இளங்கோ எங்கும் சொல்லவில்லை.

அப்படியானால் சடங்கு எதற்கு வந்தது? தொல்காப்பியம் காரணம் சொல்கிறது. பொய்யும் குற்றமும் தோன்றிய பிறகே பெரியவர்கள் சடங்கை வகுத்தார்கள் என்கிறது அதன் கற்பியல். அந்தப் பொய் என்னவென்று அகநானூற்றின் 256ஆம் பாடலில் பார்க்கலாம். கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் அழகை நுகர்ந்துவிட்டு, அவளை எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்கிறான். ஊர் அவை சாட்சிகளை விசாரித்து உண்மையைக் கண்டு, அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீறு கொட்டுகிறது. எல்லாருக்கும் முன்னால் ஒருவன் ஒருத்தியை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டுவது ஆடம்பரத்துக்காகத் தொடங்கிய வழக்கம் அல்ல. கைவிடப்படக்கூடிய பெண்ணுக்கு ஊரே சாட்சி நிற்கத் தொடங்கிய வழக்கம். பூம்புகார் கடற்காற்றில் நின்றபோது இந்த ஒரு செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அங்கிருந்து தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக வந்தேன். அந்த வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கல்யாணம் இல்லாமலேயே பந்தல் போட்டு, கிடா வெட்டிச் சாப்பாடு போட்டு, மொய் வாங்குவார்கள். ஒரு குடும்பம் பெரும்பாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் இதை நடத்தும். யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் இருக்கும். அவர் முறை வரும்போது அதைத் திருப்பி எழுத வேண்டும், கொஞ்சம் கூட்டியும் எழுத வேண்டும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் உண்டு. "வட்டி கெடையாதுண்ணே, ஆனா மானம் இருக்கு. வாங்குனத எழுதாம விட்டா ஊருல தலை நிமுந்து நடக்க முடியாது" என்றார் பேராவூரணியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். வங்கி ஏறாத வீட்டுக்கு ஊரே கடன் கொடுத்த ஏற்பாடுதான் மொய். புதுக்குடித்தனம் தொடங்கும் இருவருக்குக் கையில் முதல் வைத்துக் கொடுக்க அதைவிட நல்ல வழி ஏழை ஊர்களுக்கு இருந்ததில்லை.

அடுத்து காரைக்குடிப் பக்கம் போனேன். அதைச் சுற்றிய ஊர்களில் வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்பவர்கள். வெளிநாட்டில் இருந்தாலும் கல்யாணத்தைச் சொந்த ஊர் வீட்டில் வந்து நடத்த விரும்புகிறவர்கள் இன்றும் அவர்களில் பலர். அந்த வீடுகளின் அமைப்பே கல்யாணத்துக்கென்று கட்டியதுபோல இருக்கிறது. முகப்பு, பட்டாலை, நடுவில் வானம் பார்த்த வளவு, அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களாகப் பிரிந்த சமூகம் அது. கல்யாணத்துக்கு அவரவர் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்தால் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. அரசாங்கப் பதிவேடு வருவதற்கு எவ்வளவோ முன்பே இருந்த பதிவு முறை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று எழுதிக்கொள்ளும் ஓலைக்கு இசைகுடிமானம் என்று பெயர். தாலி கட்டுவதைத் திருப்பூட்டுதல் என்பார்கள். பூட்டுவது கழுத்துரு என்னும் கனத்த தங்கத் தாலி. மஞ்சள் கயிற்றில் தங்க உருப்படிகளைக் கோத்தது.

தாலியின் பழைய வாழ்க்கை வேறு. சங்கப் பாட்டில் சின்னஞ்சிறு பெண் புலிப்பல் கோத்த தாலி அணிகிறாள். ஆண் குழந்தைகளுக்குத் திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சின்னதாகச் செய்து கோத்த ஐம்படைத்தாலி போட்டார்கள். இரண்டும் குழந்தைக்குத் தீங்கு வராமல் காக்கும் காப்பு. பிற்காலத்தில் அது மணமான பெண்ணின் கழுத்துக்கு வந்து, கல்யாணத்துக்கே அடையாளமாகிவிட்டது. கண்ணகிக்குக் கோவலன் தாலி கட்டினானா இல்லையா என்று தமிழறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். வாதம் அத்தனை சூடாக நடந்ததே, அந்தக் கயிறு நம் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்பதைக் காட்டும்.

நான் போயிருந்த வீட்டின் ஆச்சி, கழுத்துரு எப்படிக் கோப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினார். வளவின் தூண்களைக் காட்டி, எந்த இடத்தில் மணவறை போடுவார்கள் என்று சொன்னார். "உங்க மக கல்யாணமும் இங்கதானா ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி, இங்கதான். நான்தான் பாக்கல. அவுக தவறி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு அப்ப. திருப்பூட்டுறப்ப ரெண்டாங்கட்டுல உக்காந்திருந்தேன். கெட்டிமேளம் கேட்டுச்சு. சரி, நல்லபடியா முடிஞ்சுதுன்னு கும்புட்டுக்கிட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் அதற்குமேல் ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. பெற்று வளர்த்து, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்துப் பரப்பி வைத்தவர், மகள் கழுத்தில் தாலி ஏறும் நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். நாலைந்து தலைமுறைத் தாய்மார்கள் இப்படி எத்தனை வீடுகளில், எத்தனை சாதிகளில், எத்தனை சுவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்? அப்போதுதான் அகநானூற்றுப் பாட்டு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மணப்பெண்ணை நீராட்டியவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள் என்று புலவர் சொல்லும்போது, பிள்ளை பெறாதவர்களும் கணவனை இழந்தவர்களும் அந்தப் பந்தலில் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கொங்கு நாட்டில் நான் வியந்து பார்த்த அருமைக்காரி பொறுப்புக்கும் அதே நிபந்தனைதான். நம் கல்யாணத்தின் மிகப் பழைய அடுக்கு என்று நான் கொண்டாடிய இடத்திலேயே இந்த விலக்கும் இருக்கிறது. பழையது என்பதால் மட்டும் ஒரு வழக்கம் நல்லதாகிவிடாது. வடக்கிலிருந்து வந்ததா, இங்கேயே பிறந்ததா என்பதைவிடவும் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வழக்கம் யாரைப் பந்தலுக்குள் அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது?

அந்தக் கேள்வியோடு மதுரைக்குப் போனேன். மீனாட்சியம்மன் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் அந்தப் புகழ்பெற்ற சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்யாணப் பத்திரிகைகளின் முகப்பில் அதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நடுவில் மீனாட்சி, ஒருபுறம் சொக்கநாதர், மறுபுறம் திருமால். தங்கையின் கையைச் சிவன் கையில் வைத்துத் திருமால் நீர் வார்க்கிறார். தாரை வார்த்தல் அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தைத் தானம் கொடுக்கும்போதும் நீர் வார்த்துக் கொடுத்தோம் என்றுதான் எழுதுவார்கள். நீர் விழுந்துவிட்டால் கொடுத்தவனுக்கு அதில் உரிமை இல்லை, திரும்பக் கேட்க முடியாது என்று பொருள். நிலத்துக்குச் செய்ததையே பெண்ணுக்கும் செய்தார்கள்.

ஆனால் மீனாட்சி கதை அப்படி எளிதாகக் கைமாற்றிவிடக்கூடிய பெண்ணின் கதையா? முடிசூடி ஆண்டவள், எண்திசையும் படை நடத்தியவள், தன் நகரிலேயே மணம் செய்துகொண்டவள். திருக்கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது, திக்விஜயம் நடக்கிறது. மாசியில் நடந்துவந்த இந்த விழாவை 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது மதுரை வரலாறு. அறுவடை முடிந்து கையில் நெல்லும் காசும் இருக்கும் காலம், சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் வர முடிந்தது. திருக்கல்யாணத்தன்று, மணமான பெண்கள் லட்சக்கணக்கில் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்கிறார்கள். அம்மனுக்கு மொய் எழுதி, கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டுப் போகிறார்கள். சித்திரை வீதியில் மஞ்சள் கயிறு விற்கும் அம்மாவிடம் ஒரு கொத்து வாங்கினேன். "எங்க ஆத்தா கல்யாணம்யா அது, நாங்க எல்லாரும் பொண்ணு வீட்டுக்காரங்க" என்றார். மதுரைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு நகரமே பெண் வீடாக நின்று நடத்தும் கல்யாணம் அது.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அதன் 11 நிலைக் கோபுரத்தை அரசு முத்திரையில் பார்த்துப் பழகியவர்களுக்கு நேரில் பார்க்கும்போது கழுத்து வலிக்கும். அந்த ஊரில் 1,100 ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெண்ணின் கனவு உயிரோடு இருக்கிறது. ஆண்டாள் திருமாலோடு தன் கல்யாணத்தைக் கனவாகக் கண்டு தோழிக்குச் சொல்லும் வாரணம் ஆயிரம், நாச்சியார் திருமொழியின் ஒரு பகுதி. இடைக்காலத் தமிழ்க் கல்யாணம் எப்படி நடந்தது என்று அறிய இதைவிட நல்ல ஆவணம் நமக்கு இல்லை. நாள் குறிக்கிறார்கள், பாளையும் கமுகும் கட்டிப் பந்தல் போடுகிறார்கள். இந்திரனும் தேவர்களும் வந்து பெண் பேசுகிறார்கள். நாத்தனார் முறையில் துர்க்கை வந்து கூறைப்புடவை உடுத்தி மாலை சூட்டுகிறாள். நாலு திசைத் தீர்த்தம் தெளித்துக் காப்பு நாண் கட்டுகிறார்கள். பெண்கள் விளக்கும் கலசமும் ஏந்தி மாப்பிள்ளையை எதிர்கொள்கிறார்கள். மத்தளமும் சங்கும் முழங்க அவன் கைப்பிடிக்கிறான். தீவலம், அம்மி மிதித்தல், அண்ணன்மார் கைசேர்த்துப் பொரியிடுதல், கடைசியில் குங்குமமும் சந்தனமும் பூசி யானை மேல் ஊர்வலம். எல்லாம் வருகிறது. தாலி வரவில்லை.

இந்தக் கனவில் என்னை நெகிழ வைக்கும் இடம் அம்மி. உலகத்தையே காக்கிறவன் தன் கையால் இவள் காலைத் தூக்கி அம்மி மேல் வைக்கிறான். நம் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு ஆண் எல்லாரும் பார்க்கக் குனிந்து பெண்ணின் காலைத் தொடும் இடம் அது ஒன்றுதான். மெட்டி போடுவதும் அப்போதுதான். கால் விரலில் மெட்டி போட்டால் நரம்பு வழியாகக் கர்ப்பப்பைக்கு நல்லது என்று இப்போது விஞ்ஞானம்போல் ஒரு விளக்கம் பரவுகிறது. அப்படி ஒரு நரம்பை உடற்கூறு நூல் எதிலும் பார்க்க முடியாது. பெருமாளே குனிந்தார் என்று ஒரு பெண் கனவு கண்ட இடத்துக்கு மருத்துவச் சான்று எதற்கு? நாத்தனாரையும் கவனியுங்கள். ஆண்டாளுக்குப் புடவை உடுத்தியவள் நாத்தனார். இன்றும் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளைப் போடுவது அவன் அக்காவோ தங்கையோதான். கொங்கு நாட்டு இணைச்சீரிலும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளுக்குத்தான் முதல் மரியாதை. வரும் பெண்ணோடு வாழ்நாள் முழுக்கப் பழக வேண்டியவள் தன் கையாலேயே அவளை வரவேற்கட்டும் என்ற ஏற்பாட்டில் எவ்வளவு அறிவு இருக்கிறது! வைணவர் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் சீர்பாடல் பாடித் தேங்காய் உருட்டும்போது ஆண்டாளின் கனவு பாடப்படுகிறது. கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணின் பாட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் வாழ்த்தாகிவிட்டது. பிள்ளை பெற்றவள்தான் வாழ்த்தலாம் என்ற பழைய நிபந்தனையைக் ஆண்டாள் தன் தமிழால் உடைத்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது.

கடைசியாக அருப்புக்கோட்டைக்கு வண்டி ஏறி, பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற சிற்றூருக்குப் போனேன். கோபுரமும் சிற்பமும் பார்க்கப் போகும் ஊர் அல்ல அது. கரிசல் காடு, வேலி முள், வெயில். 1928 மே மாதம் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்த ஊர் என்பதால் போனேன். புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், கூடியிருந்தவர்கள் அறிய இருவர் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்ட கல்யாணம்.

அதன்பின் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி மணந்தார்கள். சாதி மாறி மணந்தார்கள். கணவனை இழந்த பெண்கள் மறுமணம் செய்து அதே மேடையில் மாலை மாற்றினார்கள். சட்டம் அவர்களை உடனே ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பல பிள்ளைகளின் சொத்துரிமையும் தாய்மார்களின் மானமும் அந்தத் தீர்ப்பில் தொங்கின. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அதே ஆண்டில் இந்து திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினாலும் போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 2023இல் உச்ச நீதிமன்றம், இதற்குப் பெருங்கூட்டமோ ஊரறிந்த விழாவோ கட்டாயமில்லை என்றும் தெளிவாக்கியது. சொந்த ஊருக்கு அஞ்சி ஓடிவந்த எத்தனையோ இளம் சோடிகளுக்கு அது உயிர்ப்பாதுகாப்பு.

சுக்கிலநத்தத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நான் கண்டதையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன். சடங்கை எல்லாம் உதறிய சுயமரியாதைத் திருமணத்தில் மிஞ்சியது என்ன? கூடியிருக்கும் மனிதர், அவர்கள் அறியச் சொல்லும் சொல், வாழ்த்து, விருந்து. அகநானூற்றுப் பந்தலில் இருந்ததும் அதுவேதான். புதுமை என்று ஊரே எதிர்த்த கல்யாணம், நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கல்யாணத்தின் பக்கத்தில்தான் போய் நிற்கிறது. ஒரே ஒரு வேறுபாடு. அன்றைய பந்தல் பிள்ளை பெற்றவளை மட்டும் முன்னே அழைத்தது. 1928க்குப் பிந்தைய மேடை கைம்பெண்ணையும் மணமகளாகவே அழைத்தது. 2,000 ஆண்டில் நம் கல்யாணத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். தீ வந்தது, தாலி வந்தது, வீடியோகாரர் வந்தார். முக்கியத்துவத்தில் அவையெல்லாம் இதற்கு அடுத்துதான்.

ஆகவே வழக்கங்களை எல்லாம் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அம்மி மிதிக்கட்டும், மாப்பிள்ளை குனியட்டும். நாத்தனார் முடிச்சுப் போடட்டும். முளைப்பாலிகை ஆற்றில் மிதக்கட்டும். மொய் நோட்டு நீளட்டும். அவை மனிதரைச் சேர்க்கும் வழக்கங்கள். சீர் என்ற பெயரில் பெண் வீட்டைக் கடனாளியாக்கும் வரதட்சணை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாகி இத்தனை ஆண்டான பிறகும் பந்தலுக்குள் உலவுகிறது. அதை வெளியே அனுப்ப வேண்டும். தாரை வார்க்கும் நேரத்தில், பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று எண்ணாமல், இந்த வீட்டின் கதவு அவளுக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று பெற்றவர்கள் எல்லாரும் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று செய்யலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை, புரோகிதர் சம்மதம் தேவையில்லை, செலவும் இல்லை. தாலித் தட்டைச் சபையில் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கும்போது, கணவனை இழந்த தாயிடம், பாட்டியிடம், அத்தையிடம் முதலில் நீட்டுங்கள். அவர் தயங்கினால் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்து வாருங்கள். ஒரு குடும்பத்தில் ஒருமுறை அப்படி நடந்துவிட்டால், அடுத்த கல்யாணத்தில் அதுவே அந்த வீட்டு வழக்கமாகிவிடும். நம் வழக்கங்கள் எல்லாம் இப்படி யாரோ ஒரு வீட்டில் முதல்முறை நடந்தவைதான்.